கொடி சுற்றியதால்தான் ஒட்டகம் கன்று வீசியதா?

வாசகர் கேள்வி: அமீரகத்தில் அல் ஐன் பக்கம் ஒரு மஸ்ராவில் (பண்ணையில்) நான்கு வருடமாக ஒட்டகம் பார்க்கிறேன். மூன்று ஈத்து கண்ட பெட்டை ஒன்று, போன நவம்பர் 20-ல் கடா சேர்ந்தது. இந்த அக்டோபர் 12 விடியற்காலையில் செத்த கன்றைக் குறைமாதத்தில் வீசிவிட்டது. தொப்புள் கொடி பின்னங்காலில் இரண்டு சுற்று சுற்றி, முறுக்கேறிக் கிடந்தது. கன்று கருஞ்சிவப்பாக இருந்தது. பிடித்து இழுத்தபோது முடி கையோடு வந்தது. நெற்றியிலிருந்து வால் அடிவரை நாலு சாண். வெறுங்கையால்தான் எடுத்துப் புதைத்தோம். நஞ்சு (நஞ்சுக்கொடி) இரண்டு மணி நேரத்தில் விழுந்தது. "கொடி சுற்றிச் செத்தது, வேறொன்றுமில்லை" என்கிறார்கள் பழைய ஆட்கள். இவளை விற்றுவிடலாமா என்று அர்பாப் (முதலாளி) கேட்கிறார். இன்னும் இரண்டு பெட்டைகள் சினையாக நிற்கின்றன. ஒன்று டிசம்பர் 10-லும் மற்றது ஜனவரி முதல் வாரத்திலும் கடா சேர்ந்தவை. போன வருடம் ஒரு கன்று தொப்புள் வீங்கி, பிறகு முட்டி வீங்கி, பதினைந்தாம் நாள் செத்தது. அதற்கும் கொடிக்கும் சம்பந்தம் உண்டா? எனக்கும் ஒரு வாரமாகச் சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கிறது. வெயில் அலுப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கால்நடை மருத்துவர் பதில்:

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதை வெயில் அலுப்பு என்று விடாதீர்கள். நாளைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். "மூன்று வாரத்துக்கு முன் ஒட்டகம் வீசிய கன்றையும் நஞ்சையும் வெறுங்கையால் தொட்டேன்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். ஒட்டகம் கன்று வீசுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று புரூசெல்லா. நம் ஊரில் மாட்டுக்குக் கன்று வீச்சு நோய் என்கிறோமே, அதேதான். அது மனிதருக்கும் தொற்றும். சாயங்காலக் காய்ச்சல், இரவில் துணி நனையும் வியர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி எல்லாம் அதன் அடையாளங்கள். தொட்ட சில வாரங்களில் தொடங்குவது வழக்கம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நோய் இருந்தால் இரண்டு வகை ஆன்டிபயாடிக்கைச் சேர்த்து ஆறு வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும், முதுகெலும்பிலும் போய்த் தங்கும். கியூ காய்ச்சலும் இதே வழியில் ஒட்டக்கூடியது, அதையும் கேளுங்கள். உங்களோடு சேர்ந்து புதைத்தவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். எல்லாம் தெளியும்வரை அந்த மஸ்ராவின் பாலை யாரும் பச்சையாகக் குடிக்க வேண்டாம். உபசரிப்புக்குப் பச்சைப் பால் கொடுப்பது அங்கே பழக்கம், மறுப்பது சங்கடம் என்பதும் தெரியும். பொங்கக் காய்ச்சிக் குடித்தால் பயமில்லை.

இனி கொடி விஷயம். பழைய ஆட்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் கொடி சுற்றியிருந்தது என்பதும் அதனால்தான் செத்தது என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் அடுத்த இரண்டு சினையும் கேள்வி கேட்பாரில்லாமல் போய்விடும்.

கொடிக்குள் தமனிகள், சிரைகள், கன்றின் மூத்திரப் பையிலிருந்து வரும் கால்வாய் எல்லாம் ஒன்றாகப் பின்னி ஓடுகின்றன. தமனி கன்றிடமிருந்து நஞ்சுக்கு இரத்தம் கொண்டுபோகிறது. சிரை பிராணவாயு ஏறிய இரத்தத்தைக் கன்றுக்குத் திருப்பித் தருகிறது. தமனிச் சுவர் தடிப்பு, சிரைச் சுவர் மெலிசு. அதனால் முறுக்கு இறுகும்போது முதலில் அடைபடுவது சிரைதான். கன்று தன் இரத்தத்தை நஞ்சுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும், திரும்ப வராது. முறுக்குக்கு அந்தப் பக்கம், அதாவது நஞ்சுப் பக்கம், கொடி புடைத்து நீலம் பாரித்து, நீர் கோத்துத் தடிக்கும். மூத்திரக் கால்வாயும் அடைபடுவதால் கன்றின் மூத்திரப் பை உப்பியிருக்கும். முறுக்கைப் பிரித்துப் பார்த்தால் அது இருந்த இடத்தில் பள்ளமும் இரத்தக் கறையும் அழியாமல் நிற்கும். உள்ளே இரத்தக் கட்டியும் இருக்கலாம். இவையெல்லாம் கன்று உயிரோடு இருந்தபோதே கொடி இறுகியதற்குச் சாட்சி.

இவை எதுவும் இல்லாமல், ஒரு முனையைத் தூக்கியதும் தானாகப் பிரிந்து சமமாகிவிடும் முறுக்குக்கு அர்த்தம் குறைவு. ஆரோக்கியமாகப் பிறக்கும் கன்றின் கொடியிலும் சில சுற்று இருக்கும். குதிரைகளில் கொடி முறுக்கு கன்று வீச்சுக்கு நன்றாக அறியப்பட்ட காரணம். அங்கேகூட வெறும் சுற்றை எண்ணி யாரும் முடிவு சொல்வதில்லை, வீக்கத்தையும் கறையையும் பார்த்துத்தான் சொல்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. செத்த கன்று உள்ளே தளர்ந்து கிடக்கும். வெளியே வரும்போது புரளும். ஆள் காலைப் பிடித்து இழுக்கும்போது கொடி இன்னும் இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளும். நீங்கள் பார்த்த முறுக்கில் எவ்வளவு முன்பே இருந்தது, எவ்வளவு இழுத்ததில் வந்தது என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

காலில் சுற்றியதற்கும் இதே கணக்குதான். சுற்றிய இடத்தில் தோல் பள்ளம் விழுந்து, அதற்குக் கீழே பாதம்வரை கால் வீங்கியிருந்ததா? அப்படியானால் சுற்று இறுகியபோது கன்றுக்கு இரத்த ஓட்டம் இருந்தது, அதாவது உயிர் இருந்தது. செத்த காலில் வீக்கம் வராது. போட்டோ எடுத்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் உற்றுப் பாருங்கள். கழுத்தில் சுற்றினால் மூச்சுத் திணறிச் சாகும் என்று நினைப்பவர்களும் உண்டு. வயிற்றுக்குள் கன்று நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. கழுத்தைச் சுற்றியதால் கொடியே நசுங்கினால்தான் ஆபத்து.

முடி கையோடு வந்தது, உடல் கருஞ்சிவப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். கன்று செத்து இரண்டு மூன்று நாளாவது உள்ளேயே ஊறிப்போய் வெளியே வந்திருக்கிறது. கொடியால் சாகும் கன்று பெரும்பாலும் இப்படித்தான் வரும். தாய்க்கு நோய் எதுவும் இல்லாததால் கருப்பை உடனே தள்ளாது. ஆனால் வேறு சில காரணங்களிலும் இப்படி வரலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. உங்கள் நாலு சாண் கணக்கு எனக்கு உதவியது. ஒரு சாணுக்கு 22 அல்லது 23 செ.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய 90 செ.மீ. நெற்றி உச்சியிலிருந்து முதுகு வளைவோடு வால் அடிவரை எடுத்த செ.மீ. அளவோடு 24-ஐக் கூட்டி, 0.366-ஆல் வகுத்தால் கன்றின் வயது நாள் கணக்கில் ஏறத்தாழக் கிடைக்கும். உங்களுக்கு 311 நாள் வருகிறது. கடா சேர்ந்த தேதிப்படி 326 நாள். சாண் அளவில் இந்த வித்தியாசம் சகஜம். ஆக, கன்று வயதுக்கேற்ற வளர்ச்சியோடுதான் இருந்திருக்கிறது, ரொம்ப நாள் நோயில் தேயவில்லை. இதுவும் திடீர் காரணத்தின் பக்கம்தான் சாய்கிறது.

இத்தனையும் கொடிக்குச் சாதகமாக இருந்தாலும், புரூசெல்லா இல்லை என்று தெரியாமல் நான் கொடி மேல் பழி போடமாட்டேன். புதைத்ததைத் தோண்ட வேண்டாம், இத்தனை நாளுக்குப் பிறகு அதில் எதுவும் தேறாது. தாயின் இரத்தம் எடுக்க இது சரியான நேரம். வீசிய உடனே எடுத்தால் எதிர்ப்புப் பொருள் ஏறியிருக்காது, இல்லை என்று பொய்யாக வரக்கூடும். மூன்று வாரம் கழிந்திருப்பதால் இப்போது தெரியும். அவளோடு ஒரே பட்டியில் நிற்கும் இரண்டு சினைப் பெட்டைகளுக்கும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். அல் ஐனில் அபுதாபி வேளாண்மை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே தகவல் சொல்லிக் கேளுங்கள். இரத்தப் பூச்சில் சர்ரா இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கடி ஈ பரப்பும் டிரிப்பனோசோமா நோய் அது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், திமில் வற்றுவது, ஈறும் கண் இமை உள்புறமும் வெளுப்பது, கன்று வீசுவது எல்லாம் அதில் உண்டு. சர்ரா என்று தெரிந்தால், மாட்டுக்குப் போடும் டிமினாசின் ஊசியை ஒட்டகத்துக்குப் போட விடாதீர்கள். ஒட்டகம் அதைத் தாங்காது. அதற்கென்று வேறு மருந்து இருக்கிறது.

இன்னொரு கேள்வியை நீங்கள் அந்த மஸ்ராவிலேயே விசாரிக்க வேண்டும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ கால் வீக்கத்துக்கோ அரிப்புக்கோ அவளுக்கு டெக்ஸாமெதசோன் போட்டார்களா? சினை ஒட்டகத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கன்று வீசக்கூடும். ப்ராஸ்டகிளாண்டின் ஊசியும் அப்படித்தான். ஒட்டகத்தில் சினைப்பையில் உள்ள மஞ்சள் திரட்சிதான் சினையைக் கடைசிவரை தாங்குகிறது. அது கரைந்தால் எந்த மாதமானாலும் சினை நிற்காது. ஊசி போட்டவர் பெரும்பாலும் மறந்திருப்பார். காலி மருந்துக் குப்பிகள் கிடக்கும் இடத்தில் பாருங்கள்.

அர்பாப் கேட்டதற்கு வருகிறேன். இரத்தத்தில் எதுவும் இல்லையென்றால் அவளை விற்க ஒரு காரணமும் இல்லை. கொடி முறுக்கு அந்த ஒரு சினையில் நேரும் விபத்து. அடுத்ததிலும் வரும் என்று இல்லை. ஸ்கேன் வைத்துக் கருப்பை சுருங்கிவிட்டதா, உள்ளே சீழோ நீரோ நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆறு வாரம் கழித்துக் கடாவிடம் விடலாம். அதாவது நவம்பர் கடைசி. அங்கே சேர்க்கைப் பருவம் மார்ச்வரை போகும், அவசரப்பட வேண்டியதில்லை. புரூசெல்லா என்று வந்தால் பேச்சே வேறு. அப்போது அவளை விற்பதும் தப்பு, நோயை இன்னொரு மஸ்ராவுக்கு அனுப்புவதாகும். அதிகாரிகள் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். முடிவு வரும்வரை அவள் தனிப் பட்டியில் நிற்கட்டும், தனித் தொட்டியில் தண்ணீர் குடிக்கட்டும்.

இரண்டு சினைப் பெட்டைகளில் டிசம்பர் 10-ல் சேர்ந்தது இந்த டிசம்பர் கடைசியில் ஈனும், மற்றது ஜனவரி கடைசியில். ஒட்டகச் சினை சராசரி 385 நாளைச் சுற்றி நிற்கும். ஆனால் இரண்டு வாரம் முன்னே பின்னே போவது சர்வ சாதாரணம். துபாயில் 2009-ல் பிறந்த முதல் குளோனிங் ஒட்டகம் இன்ஜாஸ் 378 நாளில் பிறந்தது. தேதி தாண்டிவிட்டது என்று ஊசி போட்டு ஈன வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

சினை நிற்கிறதா என்று பார்க்க உங்களிடமே ஒரு கருவி இருக்கிறது: வால். சினைப் பெட்டை, கடா கிட்டே வந்தால் உடம்பை விறைத்து வாலை மேலே வளைத்துத் தூக்கும். சேர்ந்த இரண்டு வாரத்திலிருந்தே இது தொடங்கும். காலையில் ஒரு தடவை கடாவை வேலிக்கு அந்தப் பக்கம் நடத்திக் கூட்டிப் போங்கள், வாலைப் பாருங்கள், எழுதி வையுங்கள். நேற்றுவரை தூக்கிய வால் இன்று தூக்கவில்லை, நாளையும் தூக்கவில்லை என்றால் அன்றே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். வயிற்று வலி போல் அடிக்கடி உட்கார்ந்து எழுவது, வயிற்றை உதைப்பது, தீனி விடுவது இருந்தால் காத்திருக்காதீர்கள். அது கொடி முறுக்கின் அடையாளம் அல்ல, கருப்பையே முறுக்கிக்கொண்டதன் அடையாளம். கொடி முறுக்கு தாய்க்கு வலியே தராது. கருப்பை முறுக்கு தாயையும் கொன்றுவிடும். இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஈனும்போது கொடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரம் ஒன்றுதான். முன்னங்கால் இரண்டும் அதன் மேல் மூக்கும் வந்தால் நல்லது. தொட்டுப் பார்த்து, மடங்கும் மூட்டுகளை வைத்து முன்னங்காலா பின்னங்காலா என்று உறுதி செய்யுங்கள். பின்னங்கால் முதலில் வந்தால், கன்றின் இடுப்பு வழியில் ஏறும்போதே கொடி எலும்புக்கும் கன்றுக்கும் நடுவே நசுங்கும். தலையோ இன்னும் உள்ளே நீரில் இருக்கும். அந்த நிலையில் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் இழுத்து வெளியே எடுக்க வேண்டும். ஆகவே இடுப்பு ஏறும் முன்பே கயிறு, ஆள், மருத்துவர் எல்லாம் தயாராக இருக்கட்டும். பனிக்குடம் உடைந்து அரை மணி நேரம் முக்கியும் கன்று நகரவில்லையென்றால் கூப்பிட்டுவிடுங்கள். ஒட்டகக் கன்றின் நீண்ட கழுத்து பக்கவாட்டில் மடங்கிக் கொள்வதுதான் அங்கே அடிக்கடி வரும் சிக்கல்.

கன்று வெளியே வந்ததும் உடல் முழுக்க மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கும். புதிதாகப் பார்ப்பவர் பயந்து உரிப்பார். மூக்கிலும் வாயிலும் மட்டும் விலக்கினால் போதும், மற்றது காய்ந்து தானே உதிரும். பெட்டை ஒட்டகம் பசுவைப் போலக் கன்றை நக்காது, அதையும் குறையாக எண்ண வேண்டாம். கொடியை உடனே வெட்டாதீர்கள். தாய் எழும்போதோ கன்று புரளும்போதோ வயிற்றிலிருந்து சில விரல் தள்ளி, இயல்பாக மெலிந்த இடத்தில் அறும். இழுபட்டு அறுந்த குழாய் சுருண்டு தானே அடைத்துக்கொள்ளும். கத்தியால் வெட்டியது திறந்தே நிற்கும், இரத்தம் வழியும். அறவில்லையென்றால் ஒரு கையால் கன்றின் வயிற்றுப் பக்கம் கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முறுக்கி இழுங்கள். இழுப்பின் பாரம் வயிற்றுச் சுவரில் விழக்கூடாது, விழுந்தால் குடலிறக்கம் வரும். இரத்தம் சொட்டினால் மட்டும், கொதிக்க வைத்த நூலால் வயிற்றிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கட்டுங்கள்.

போன வருடக் கன்றைக் கொன்றது கொடிச் சிக்கல் அல்ல. அறுந்த கொடி வழியாகக் கிருமி ஏறி, இரத்தத்தில் கலந்து, மூட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. இந்த முறை 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் சேர்த்து, சிறிய மருந்துக் கிண்ணத்தில் ஊற்றி, தொப்புளை முழுக்க முக்கி அரை நிமிடம் பிடியுங்கள். பிறந்ததும் ஒரு தடவை, பிறகு மூன்று நாள் காலை மாலை. ஒவ்வொரு தடவையும் புதுக் கரைசல். 7 சதவீத அயோடின் வேண்டாம், தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். சாம்பலும் மணலும் வைப்பது டெட்டனஸை அழைப்பதற்குச் சமம். தொப்புள் ஈரமாகவே இருந்து மூத்திரம் கசிந்தால், கட்டை விரலை விடத் தடித்தால், தொட்டால் கன்று உதைத்தால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டி வீங்கும்வரை காத்திருந்தால் கன்று தப்புவது கஷ்டம்.

முக்குவதோடு சீம்பாலும் வேண்டும். ஒட்டகத்தின் நஞ்சு வழியாக நோய் எதிர்ப்புப் பொருள் கன்றுக்குப் போவதில்லை, எல்லாம் சீம்பாலில்தான். 35 கிலோ கன்றுக்கு முதல் 24 மணி நேரத்தில் மூன்றரை லிட்டர், அதில் பாதி முதல் ஆறு மணி நேரத்துக்குள். இரண்டு மூன்று மணி நேரத்தில் எழுந்து குடிக்கவில்லையென்றால் கறந்து புட்டியில் கொடுங்கள். முதல் பால் கெட்ட பால் என்று மணலில் பீச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். போன வருடம் அப்படி நடந்ததா என்று விசாரியுங்கள்.

நஞ்சு விழுந்ததும் கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் கால்சட்டை மாதிரி விரித்து வையுங்கள். ஒட்டகச் சினை கிட்டத்தட்ட எப்போதும் கருப்பையின் இடது கொம்பில்தான் நிற்கும். அதனால் பெரிய கால் ஒன்று, சின்னக் கால் ஒன்று தெரியும். இரண்டின் நுனியும் முழுசாக இருக்கிறதா பாருங்கள். நுனி கிழிந்திருந்தால் துண்டு உள்ளே தங்கியிருக்கிறது. ஆறு மணி நேரமாகியும் நஞ்சு விழவில்லையென்றால் கூப்பிடுங்கள், கல் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

கடவுள் புண்ணியத்தில் வேண்டியிருக்காது, ஆனாலும் இன்னொரு பெட்டை கன்று வீசினால் இழுப்பதற்கு முன் போட்டோ எடுங்கள், கொடிச் சுற்றை எண்ணுங்கள், நீளத்தை அளந்து குறியுங்கள். கன்றையும் நஞ்சையும் இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். உறைய வைக்கக் கூடாது, உறைந்தால் திசு சிதைந்துவிடும். முழுக் கன்றை அனுப்ப முடியாவிட்டால் மருத்துவரை வரவழைத்து நஞ்சில் ஒரு துண்டு, கொடியில் முறுக்கிய இடம், கல்லீரல், நுரையீரல், வயிற்று நீர் இவற்றை எடுக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அக்டோபரில் புதைத்த இடத்தையும் ஒரு நடை போய்ப் பாருங்கள். மண் கிளறியிருந்தால் மேலே இன்னும் மண் போட்டுக் கல் அடுக்குங்கள், கையுறையோடு.

இதையெல்லாம் காய்ச்சலுக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்து செய்யுங்கள்.